டபுள் பிரேக் மாஸ்டரும் கொஞ்சம் மெமரியும்

மேசைக்கு அடியில் மாஸ்டரின் வலது கால் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கிறது. அங்கே பிரேக் எதுவும் இல்லை; ஓரம் பிரிந்த மிதியடி ஒன்றுதான் கிடக்கிறது. கம்ப்யூட்டர் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்க, கால் அழுத்துகிறது, விடுகிறது, மறுபடி அழுத்துகிறது. பஸ்ஸில் போனாலும் இப்படித்தான், லிஃப்டில் இறங்கினாலும் இப்படித்தான். பல் டாக்டரின் சாய்வு நாற்காலியில் இவர் மிதித்த மிதியில் வாய் கொப்பளிக்க வைத்திருந்த தண்ணீர் டாக்டர் சட்டையில் கொட்டியது என்று அவர் மனைவி சொல்வதுண்டு. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களுக்கு வருகிற தொழில்நோய் இது. ஓட்டுகிறவர் மிதிக்க மறந்த பிரேக்கைப் பக்கத்தில் இருக்கிறவர் மிதிக்க வேண்டும். பயிற்சிக் காரில் இரண்டு பேர் காலுக்கும் பிரேக் வைத்திருப்பது அதற்காகத்தான்.

வண்டியில் மட்டுமல்ல, மனசுக்குள்ளும் மனிதர் இரண்டு பிரேக் வைத்திருக்கிறார் என்று கண்டுபிடித்த யாரோ ஒரு மாணவர்தான் அவருக்கு 'டபுள் பிரேக்' என்று பெயர் வைத்திருக்க வேண்டும். அது ஒட்டிக்கொண்டது. சொந்த அக்கா மகனே போனில் "என்ன டபுள் பிரேக் மாமா?" என்றுதான் ஆரம்பிக்கிறான். மாஸ்டருக்கு அதில் வருத்தம் கிடையாது. "ஒத்த பிரேக்கை நம்பிப் போனவங்க எத்தனை பேரு கட்டுப் போட்டுக்கிட்டுப் படுத்திருக்காங்க தெரியுமா?" என்பார்.

அவரோடு கடைக்குப் போய்வந்தவர்களுக்கு அந்தப் பெயரின் முழு அர்த்தமும் தெரியும். ஒருமுறை குடை வாங்கப் போனவர், "மழையில பாக்காம எப்படிங்க எடுக்கறது?" என்று கடைக்காரரிடமே கேட்டு, வானம் இருட்டும்வரை அங்கே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மெத்தைக் கடையில் ஒவ்வொன்றாகப் படுத்துப் பார்த்துக்கொண்டே வந்து, ஏதோ ஒன்றில் குறட்டை விட்டுத் தூங்கியே போனார். எழுந்ததும் அதையே எடுத்திருக்கலாம். "இது மெத்தையால வந்த தூக்கமா, அசதியால வந்த தூக்கமான்னு தெரியலையே" என்று வெறுங்கையோடு வீடு திரும்பினார். மனைவி அன்று தலையில் அடித்துக்கொண்ட சத்தம் மேல் மாடி வீட்டுக்குக் கேட்டதாம்.

அந்த அம்மாளின் சத்தம் அப்போதெல்லாம் மேல் மாடிக்குக் கேட்கும். குரல்தான் அவருடைய தொழில். பார்வையில்லாதவர்களுக்காக ஒலிப்புத்தகங்கள் வைத்திருக்கும் நூலகம் ஒன்றுக்கு அவர் வீட்டிலிருந்தே புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்பிக்கொண்டிருந்தார். பின்னறையில் ஜன்னலுக்குக் கனத்த போர்வை, கதவுக்கு இன்னொரு போர்வை, நடுவில் மைக்கும் கம்ப்யூட்டரும். நூலகத்துக்கு வருகிறவர்கள் அவரை 'வாசிக்கிற அக்கா' என்றார்கள். முகம் தெரியாதவர்கள் கடைத்தெருவில் அவர் வாழைப்பழம் விலை கேட்பதைக் கேட்டுவிட்டு, "அக்கா, நீங்கதானே?" என்று கையைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள்.

பிறகு கழுத்தில் ஒரு கட்டி வந்தது. குரலுக்குப் போகும் நரம்பைச் சுற்றிக்கொண்டு வளர்ந்திருக்கிறது, கட்டி முழுசாகப் போக வேண்டுமென்றால் குரலை எதிர்பார்க்காதீர்கள் என்று டாக்டர் முன்னாடியே சொல்லிவிட்டார். மாஸ்டர் யோசிக்கவே இல்லை, பேனாவை வாங்கி ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டார். வாழ்க்கையில் அவர் பிரேக்கைத் தொடாமல் எடுத்த முடிவு அது ஒன்றுதான். கட்டி போனது, ஆள் பிழைத்தார், டாக்டர் சொன்னபடியே குரல் போய்விட்டது. இப்போது வருவது காற்றும் கரகரப்பும்தான். பக்கத்தில் நின்றால் புரியும், அடுத்த அறைக்கு எட்டாது. கணவரைக் கூப்பிட வேண்டுமென்றால் கரண்டியால் எதையாவது தட்டுகிறார்.

அந்த அம்மாள் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. மற்றவர்கள் வாசித்து அனுப்பும் பதிவுகளைச் செப்பம் செய்யும் வேலையை நூலகத்திடம் கேட்டு வாங்கிக்கொண்டார். இருமலை வெட்டுவது, மூச்சுச் சத்தத்தைக் குறைப்பது, ஒரே வரியை இரண்டு தடவை வாசித்திருந்தால் நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுவது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டால் பக்கத்தில் வெடி வெடித்தாலும் திரும்ப மாட்டார். ஆனால் கம்ப்யூட்டர்தான் கை கொடுக்கவில்லை. பெரிய பதிவு ஒன்றைத் திறந்தாலே வட்டம் சுற்ற ஆரம்பிக்கும், பிறகு எல்லாம் உறைந்து நிற்கும், கடைசியில் மெமரி போதவில்லை என்று ஓர் அறிவிப்பு வந்து விழும்.

மெமரி என்ற ஒரே சொல் நம் வீடுகளில் எல்லா வேலையையும் பார்க்கிறது. போனில் படங்கள் சேர்ந்துவிட்டால் மெமரி ஃபுல். கேமராவுக்குள் செருகும் சில்லு மெமரி. பாடத்தை ஒப்பிக்கிற பிள்ளைக்கு நல்ல மெமரி, கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு தேடுகிற மாமனாருக்கு மெமரி போச்சு. ஆகவே மெமரி போதவில்லை என்று கம்ப்யூட்டர் சொன்னதும் அந்த அம்மாள் என்ன புரிந்துகொள்வார்? இடம் இல்லை, எதையாவது எடுத்து வெளியே போடு என்று சொல்கிறது என்றுதான் புரிந்துகொண்டார்.

வெளியே போடுவதற்குத் தோதாக அவர் கண்ணில் பட்டது அவருடைய பழைய பதிவுகள்தான். வாசித்து, வெட்டி, ஒட்டி, சுத்தம் செய்த புத்தகங்கள் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. வீட்டுக் கம்ப்யூட்டரில் கிடப்பவை வெட்டுவதற்கு முந்தைய முழுப் பதிவுகள். தினமும் சாயந்திரம் வேலையை முடித்து எழுந்திருக்கும் முன்பு அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அழித்துவிடுவார். வீடு பெருக்குவதுபோல, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் செய்வார்.

மாஸ்டர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நின்று பார்ப்பார். ஒருநாள் மட்டும் வாயைத் திறந்தார். "அதை விட்டுடேன்."

"எதுக்கு?" என்றார் மனைவி அந்தக் காற்றுக் குரலில். "புக்கு லைப்ரரியில இருக்கு. இதுல இருக்கறதெல்லாம் இருமலும் கத்தலும்தான்."

அந்தக் கத்தல்தான் மாஸ்டருக்கு வேண்டும். வாசித்துக்கொண்டே இருக்கும்போது குக்கர் கத்தினால் "ஏங்க, அடுப்பை அணைங்க!" என்பார். வாசலில் மணி அடித்தால் "யாருன்னு பாருங்களேன், எருமை மாதிரி உக்காந்திருக்கீங்களே!" என்பார். பதினெட்டாம் பக்கத்தில் ஒரு வார்த்தை தடுக்கி, அதையே மூன்று தடவை தப்பாகச் சொல்லி, தன்னைத் தானே திட்டிக்கொண்டு சிரிப்பார். நூலகத்துக்குப் போனவற்றில் இதெல்லாம் கிடையாது. அங்கே இருப்பவர் ஊருக்கெல்லாம் வாசித்த அக்கா. மாஸ்டரைத் திட்டிய குரல் உலகத்தில் இந்த ஒரு பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தது. அதை அவர் மனைவியிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அந்த மாதிரி வாக்கியம் எதுவும் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. வாய் வரைக்கும் வரும், அங்கே ஒரு பிரேக் விழும். அதனால் வேறு வழி ஒன்றைக் கண்டுபிடித்தார். மெமரி கொஞ்சம் வாங்கிப் போட்டுவிட்டால் இடம் வந்துவிடும், இடம் வந்துவிட்டால் அழிக்க வேண்டியதில்லை, பிறகு எதையும் சொல்ல வேண்டியதும் இல்லை.

திட்டம் நல்ல திட்டம்தான். ஆனால் வாங்கப் போகிறவர் யார்?

முதலில் அக்கா மகனுக்குப் போன் போட்டார். "மாமா, அந்த டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்றான் அவன். "தூக்கிப் போடாம இருக்கறதுக்குத்தான்டா உன்னைக் கேக்கறேன்" என்றார் மாமா. "அப்போ உங்க மெமரிப் பலகை மூணாவது வகையா நாலாவது வகையான்னு பாருங்க. மாத்தி வாங்கினா உள்ளயே நுழையாது." அன்றைக்கு ஆரம்பித்தது ஆராய்ச்சி. மூன்றாவது வகைக்கும் நாலாவது வகைக்கும் அடியில் வெட்டு இருக்கும் இடம் வேறு, வேகம் வேறு என்று தெரிந்துகொண்டார். அதன் பிறகு இரண்டு நாலு ஜிபி போடுவதா, ஒரே எட்டு ஜிபி போடுவதா என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டாகப் போட்டால் பாரம் பிரியும் என்றார்கள். ஒன்றாகப் போட்டால் பின்னால் இன்னொன்று போட இடம் இருக்கும் என்றார்கள். இரண்டும் சரியாகப் பட்டது. மாஸ்டருக்கு இதைவிடப் பெரிய சோதனை வேண்டியதில்லை.

மாணவர்களையும் விடவில்லை. ரொட்டிக்கடை வைத்திருக்கும் ஒரு பெரிய மனிதர் அப்போது அவரிடம் கற்றுக்கொண்டிருந்தார்.

"கிளட்சை மெதுவா விடுங்க. உங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல எத்தனை ஜிபி?"

"எட்டுன்னு நெனக்கிறேன் மாஸ்டர்."

"இண்டிகேட்டர் போடுங்க. ஒரே எட்டா, ரெண்டு நாலா?"

"அது தெரியலையே... மாஸ்டர், இங்க லெஃப்டா ரைட்டா?"

"இருங்க, யோசிக்கிறேன்."

பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்துத் தீர்த்தன. பயிற்சிக் கார் நாற்சந்தியின் நடுவில் அசையாமல் நின்றது. ரொட்டிக்கடைக்காரர் மறுநாள் வேறு பயிற்சிப் பள்ளிக்கு மாறிவிடலாமா என்று வீட்டில் கேட்டிருக்கிறார்.

இதற்கு நடுவே வீட்டில் இன்னொரு விஷயம் நடந்துகொண்டிருந்தது. அந்தத் தம்பதிக்குள் வேலைப் பிரிவினை கறாரானது. பெருக்குவது அம்மாள், குப்பையைக் கீழே கொண்டுபோய்க் கொட்டுவது மாஸ்டர். இதில் ஒருவர் வேலையில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது. இப்போதெல்லாம் சாயந்திரம் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்கும்போது மனைவி, "தொட்டி ரொம்பிக் கெடக்கு, கொட்டிடுங்க" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். மாஸ்டர் சமையலறைக்குப் போய்ப் பார்ப்பார். தொட்டியில் நாலு வெங்காயத் தோலும் ஒரு டீத்தூள் பொட்டலமும் கிடக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு சுத்தம் பார்ப்பது அதிகமாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, மறுபேச்சுப் பேசாமல் அந்த நாலு தோலைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்குவார். திரும்பி வந்தால் மனைவி முகம் இன்னும் திருப்தியில்லாமல் இருக்கும். "கொட்டியாச்சா?" "ஆச்சு." ஒரு சந்தேகப் பார்வை, அவ்வளவுதான். இப்படியே அந்தத் தெருவிலேயே சுத்தமான குப்பைத்தொட்டி அவர்கள் வீட்டில் இருந்தது.

ஒரு சாயந்திரம் அழித்து முடித்துவிட்டு மனைவி நாற்காலியில் சாய்ந்தார். "இன்னும் கொஞ்சம்தான் இருக்கு. இந்த வாரத்தோட முடிஞ்சுடும்."

இரண்டு நாலா ஒரே எட்டா என்று மாஸ்டர் ஆராய்ந்துகொண்டிருந்த காலத்தில் பெட்டி கிட்டத்தட்டக் காலியாகிவிட்டிருந்தது. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் காலை வகுப்புகளை ரத்து செய்தார். பெட்டியின் பின்னால் இருந்த வயர்களை எல்லாம் பிடுங்கினார். "எங்க கொண்டு போறீங்க?" என்று மனைவி கேட்டதற்கு, "சர்வீசுக்கு" என்றார். பெட்டியைப் பயிற்சிக் காரின் முன்னிருக்கையில் வைத்து, சீட் பெல்ட் மாட்டி, அது ஆடாமல் இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துக்கொண்டு கிளம்பினார். மேலே பயிற்சிப் பலகையோடு போன காரில் மாஸ்டர் வழக்கமாக உட்காரும் இடத்தில் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்ததைத் தெருவே பார்த்தது.

கம்ப்யூட்டர் உதிரிபாகம் விற்கும் அந்தக் கடையை நடத்துவது ஓர் அம்மாள். ஒரு காலத்தில் மாஸ்டரிடம் கார் ஓட்டக் கற்றவர். இவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நுழைந்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"வாங்க மாஸ்டர்! ரிவர்ஸ் எடுக்கச் சொல்லி என்னை அழ வெச்சவராச்சே. இன்னிக்கு என் கையில மாட்டினீங்க."

"அழாம எடுத்திருந்தா அன்னிக்கே சுவத்தை இடிச்சிருப்பீங்க" என்றார் மாஸ்டர். "இதுக்கு மெமரி வேணும்."

கடைக்கார அம்மாள் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, தூரிகையால் தூசியைத் தட்டினார். உள்ளேயிருந்து விரல் நீளப் பலகை ஒன்றைப் பிடுங்கி வெளிச்சத்தில் காட்டினார். "மூணாவது வகை. உள்ள நாலு ஜிபி இருக்கு. பக்கத்துல ஒரு இடம் காலியா இருக்கு. எட்டு ஒண்ணு போட்டுடவா?"

மாஸ்டர் இத்தனை காலம் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்விக்கு அங்கே இடமே இல்லை. "போடுங்க" என்றார். வாரண்டி எத்தனை வருஷம் என்றுகூடக் கேட்கவில்லை. கடைக்கார அம்மாள் அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார்.

புதுப் பலகை 'டக்'கென்று உட்கார்ந்தது. கடையில் இருந்த திரையை மாட்டி உயிர் கொடுத்ததும் கம்ப்யூட்டர் சட்டென்று எழுந்துகொண்டது. மாஸ்டருக்கு மூச்சு வந்தது. "இனிமே எதையும் அழிக்க வேண்டாம்ல?"

"எதை அழிச்சீங்க?"

மாஸ்டர் சொன்னார். தினமும் ஒரு பதிவு என்றார். யாருடைய பதிவு என்றும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. கடைக்கார அம்மாள் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"மாஸ்டர், அந்த மெமரி வேற, இது வேற. நீங்க பதிவெல்லாம் வெச்சிருக்கறது பார்க்கிங் மாதிரி. வண்டி நிக்கிற எடம். நான் இப்ப போட்டது ரோடு. ஓடறப்போ எவ்வளவு அகலம்ங்கறதுதான் இது. ரோடு போதலைன்னு அது சொல்லியிருக்கு. நீங்க ரெண்டு பேரும் பார்க்கிங்ல நிக்கிற வண்டியை ஒவ்வொண்ணா தள்ளிவிட்டிருக்கீங்க."

"பார்க்கிங்ல இடம் இருந்துச்சா?"

அந்த அம்மாள் எதையோ திறந்து பார்த்தார். "பாதிக்கு மேல காலி."

கடையின் சிமெண்டுத் தரையில் மாஸ்டரின் வலது கால் மட்டும் அழுத்தி நின்றது. ஒரு பதிவைக்கூட அழித்திருக்க வேண்டியதில்லை. யாரிடமாவது ஒரு வார்த்தை உருப்படியாகக் கேட்டிருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும். எத்தனை ஜிபி என்று ஊரெல்லாம் கேட்டவர், மெமரி என்றால் என்ன என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. தன்மேல் அவருக்கு அப்படி ஒரு வெறுப்பு வந்தது.

கடைக்கு வந்த பெட்டியைச் சுத்தம் செய்துதான் திருப்பிக் கொடுப்பது அந்த அம்மாளின் வழக்கம். தூசி தட்டியாயிற்று, உள்ளேயும் ஒரு கை பார்த்துவிடலாம் என்று மவுசை நகர்த்தினார். "இதென்ன மாஸ்டர், குப்பைத்தொட்டி பொங்கி வழியுது? கொட்டறதே இல்லையா?"

திரையின் மூலையில் கசங்கிய காகிதங்கள் நிரம்பிய சின்னத் தொட்டி ஒன்று இருந்தது. மாஸ்டர் சுரத்தில்லாமல் சொன்னார்: "குப்பை என் வேலைதான். கொட்டிடுங்க."

அந்த அம்மாள் அழுத்தினார். நிரந்தரமாக அழித்துவிடவா, நிச்சயம்தானா என்று ஒரு சின்னக் கட்டம் வந்து கேட்டது. நாமெல்லாம் படிக்காமலேயே ஆமாம் போடுகிற கேள்வி அது. ஆனால் மாஸ்டர் தன் வாழ்நாளில் நிச்சயம்தானா என்று கேட்ட யாருக்கும் உடனே ஆமாம் சொன்னவர் இல்லை. கடைக்கார அம்மாளின் விரல் மவுசின் மேல் இறங்கப் போனது.

"பிரேக்!"

பயிற்சிக் காரில் கேட்ட அதே அதட்டல். கடைக்கார அம்மாளின் கை தானாக மேலே எழும்பிவிட்டது; கால்கூட மேசைக்கு அடியில் எதையோ மிதித்தது. "என்ன மாஸ்டர், பயந்தே போயிட்டேன்!"

"உள்ள என்ன இருக்குன்னு பாக்காம எப்படி?"

"குப்பையில என்ன இருக்கும்?" என்று அலுத்துக்கொண்டே அவர் தொட்டியைத் திறந்தார்.

அழிந்துபோனதாக நினைத்த பதிவுகள் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொன்றுக்கும் மனைவி வைத்த பெயர், புத்தகம், அத்தியாயம், அதன் பக்கத்தில் 'வெட்டாதது' என்ற ஒரு சொல். கடைக்கார அம்மாள் கீழே இழுக்க இழுக்கப் போய்க்கொண்டே இருந்தது. மாஸ்டர் திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனார். தொட்டி ரொம்பிக் கெடக்கு என்று மனைவி தினமும் சொன்னது எந்தத் தொட்டியை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நாலு வெங்காயத் தோலோடு தான் இறங்கிய மூன்று மாடியும் ஞாபகம் வந்து, அந்தக் கடையில், வாடிக்கையாளர்கள் பார்க்க, வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு எங்கோ பாதியில் வேறு மாதிரி ஆகி, கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கடைக்கார அம்மாள் கேள்வி கேட்காமல் எல்லாவற்றையும் பழைய இடத்துக்கே திருப்பி வைத்தார்.

வீட்டுக்கு வந்து வயர்களை மாட்டும்போது மத்தியானம் ஆகிவிட்டது. ஜன்னலுக்குப் போர்வை போட்ட அறை, காற்று நுழைய வழியில்லை, நல்ல புழுக்கம். மனைவி ஒரு பெரிய பதிவைத் திறந்தார். வட்டம் சுற்றவில்லை. இன்னொன்றையும் கூடவே திறந்தார், அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. "பரவாயில்லையே, ஒருவழியா ஒண்ணு வாங்கிட்டீங்களே" என்று அவர் கையில் ஒரு தட்டுத் தட்டினார். பிறகுதான் பழைய பதிவுகள் மறுபடி வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

"இதெல்லாம் எப்படி வந்துச்சு? கொட்டச் சொன்னேனே."

"நான் சமையக்கட்டுத் தொட்டியைக் கொட்டிட்டிருந்தேன்."

மனைவி ஒரு கணம் விழித்தார். பிறகு இத்தனை நாளும் அவர் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டு இறங்கிய குப்பைப் பைகளை எல்லாம் நினைத்துப் பார்த்தார் போலிருக்கிறது. தோள் குலுங்கியது, சத்தம் மட்டும் வரவில்லை. சிரித்து ஓய்ந்ததும் மவுசை எடுத்தார். "சரி, இப்ப நானே போட்டுடறேன்."

"வேண்டாம்."

"அதான் இருமலும் கத்தலும்னு சொன்னேனே."

"அதான் எனக்கு வேணும்" என்றார் மாஸ்டர். சொல்லிவிட்டார். எந்தப் பிரேக்கும் விழவில்லை. "லைப்ரரியில இருக்கறது ஊருக்கு வாசிச்சது. நீ என்னைத் திட்டினது இதுல மட்டும்தான் இருக்கு."

மனைவி திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். கழுத்தில் தழும்பு இருந்த இடத்தை விரல் தானாகத் தடவியது. "ஒருநாள் கேட்டுப் பாத்தேன்" என்றார் மெதுவாக. "யாரோ பேசற மாதிரி இருக்கு. எனக்கே யாருன்னு தெரியல. யாரோ ஒருத்தியை வீட்டுல வெச்சுக்கிட்ட மாதிரி. அதான் தூக்கிப் போட்டேன்."

சொல்லிவிட்டு மனைவியே ஹெட்போன் வயரைப் பிடுங்கினார். கைக்கு வந்த பதிவு ஒன்றைத் தட்டிவிட்டார். ஸ்பீக்கரிலிருந்து குரல் அறை முழுக்க வந்தது, கணீரென்று, அவசரமில்லாமல்.

"...குளிர் தொடங்குவதற்கு முன்பே இந்தப் பறவைகள் கூட்டம் கூட்டமாகப் புறப்படுகின்றன. வழியில் அவை எங்கே இறங்கும், எவ்வளவு காலம் தங்கும் என்பதை..."

குரல் நின்றது. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"ஏங்க! அந்த ஃபேனை நிறுத்துங்கன்னு எத்தனை தடவை சொல்றது? டபடபன்னு எல்லாம் பதிவாகுது!"

மாஸ்டர் எழுந்தார். நெற்றியில் வேர்வை வழிய வழியச் சுவரோரம் போய், தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த ஃபேனை நிறுத்தினார். நிறுத்திவிட்டு, அடுத்து என்ன சொல்லப் போகிறாரோ என்று சுவிட்சின் மேலேயே கையை வைத்துக்கொண்டு மனைவியின் முகத்தைப் பார்த்து நின்றார்.